சாவ்லி டேக்டியில் ஒரு நிமிட மௌனம்

மணியைக் கையில் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு வீற்றிருக்கும் விழாத் தலைவர், தாராவித் தமிழ்ப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் முரட்டுப் பிள்ளைகளை முத்துகளாக்கிய முன்னாள் தலைமை ஆசிரியை மீனாட்சியம்மாள் அவர்களே! மாட்டுங்காவிலிருந்து மனைவியின் அனுமதியோடு வந்திருக்கும் எங்கள் நடைக்கழகத் துணைத்தலைவர் பஞ்சு அவர்களே! அந்த அனுமதியை அருளிய அம்மிணி அம்மையார் அவர்களே! தகரத்தைத் தட்டித் தட்டியே தம் காதைத் தியாகம் செய்த டப்பாப் பட்டறை முதலாளி கணேசபாண்டியன் அவர்களே! செம்பூரிலிருந்து இன்னும் வந்துகொண்டே இருக்கும் செல்வர்களே! அவர்கள் வந்து சேர்ந்ததும் யாராவது இதைச் சொல்லிவிடுங்கள். தொண்ணூறு அடி சாலையின் நெரிசலை நீந்திக் கரையேறி வந்திருக்கும் பெரியோர்களே! தாய்மார்களே! பின்வரிசையில் பிள்ளைக்குச் சோறூட்டும் அம்மா, உங்களையும் சேர்த்துத்தான். அந்தப் பிள்ளையும் வாயைத் திறக்கட்டும், நானும் திறக்கிறேன். அனைவருக்கும் அடியேன் சுரேந்திரனின் அன்பு வணக்கம்!

எனக்கு ஒதுக்கிய நேரம் பத்து நிமிடம். அதில் மூன்று நிமிடம் வணக்கத்திலேயே போய்விட்டது என்று தலைவர் அவர்கள் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார்கள். அம்மா! வணக்கத்தைக் கணக்கில் சேர்க்கலாமா? வாசலில் நின்று செருப்பைக் கழற்றும் நேரத்தை வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த நேரம் என்று எவராவது சொல்வார்களா? சரி, மணி அடித்துவிட்டீர்கள். முதல் மணிதானே, அது எனக்கு உற்சாகம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? எவருக்காகக் கூடியிருக்கிறோம்? இதோ, மேடையின் ஓரத்தில், போர்த்திய பொன்னாடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாளே மாரிசெல்வி, இவளுக்காக! தாராவியிலே பிறந்து, தாராவியிலே வளர்ந்து, இன்று சாவ்லி டேக்டிக் காட்டுப்பாதைகளுக்கு வழிகாட்டியாகிவிட்ட நம் வீட்டுப் பெண்ணுக்காக! அவள் கழுத்தில் தொங்கும் அந்தப் பச்சை அட்டையைப் பாருங்கள். அந்த அட்டை இவளுக்குக் கிடைக்காமல் போவதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையையும் செய்தவன் இந்தச் சுரேந்திரன். அதைச் சபையறியச் சொல்லி மன்னிப்புக் கேட்கவே இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

யாரோ சிரிக்கிறீர்கள். "ஒம்ம கையில மைக்கு வந்தா கடைசில மன்னிப்புலதான வந்து முடியும்"ன்னு நடுவரிசையில் ஒரு குரல். ஐயா, நியாயமான கேள்வி. மேற்கொண்டு கேளுங்கள்.

சாவ்லி டேக்டி எங்கே இருக்கிறது? பாவுச்சா தக்கா படகுத்துறையில் லாஞ்ச் ஏற வேண்டும். அலையிலே ஆடி, அடுத்தவர் தோளிலே சாய்ந்து, முக்கால் மணி நேரம் போக வேண்டும். இறங்கி ஒரு பஸ். பஸ் நின்ற இடத்தில் ஒரு குன்று. குன்று முழுக்கக் காடு. நான் காடு என்று சொன்னது, மாநகராட்சி நட்டு மந்திரி தண்ணீர் ஊற்றி மறுநாளே மறந்துபோன காட்டை அல்ல. தானே விதைத்து, தானே முளைத்து, தானே தழைத்த தாய்க்காடு! மருது அங்கே உண்டு. முள்ளிலவு அங்கே உண்டு. புங்கையும் வேங்கையும் உண்டு. ஏழாண்டுக்கு ஒருமுறை மட்டும் பூத்து எல்லோரையும் காக்க வைக்கும் கார்விச் செடி உண்டு. அந்தக் காட்டின் ஊடே ஒற்றையடிப் பாதைகள். பாதை ஏற ஏற, இலைகளின் இடைவெளியில் நீலம். இன்னும் ஏறினால் பாறை. பாறை மேல் நின்றால் கீழே கடல், எதிரே கழிமுகம், அக்கரையில் டிராம்பே தீப்பெட்டி அளவு. நாம் முட்டி மோதி, மூச்சு முட்டி வாழும் மும்பை முழுவதும் ஒரு சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும்.

மாரிசெல்வி தேவ்நாரில் ஒரு கிடங்கில் மருந்துப் பெட்டி ஒட்டும் வேலை பார்த்தவள். வாரம் ஆறு நாள் பெட்டி. ஏழாம் நாள் லாஞ்ச். இரண்டு ஆண்டுகள் அந்தக் காட்டைச் சுற்றிச் சுற்றி வந்து மரத்தின் பெயர், பறவையின் பெயர், பாம்பின் பெயர் எல்லாவற்றையும் மராத்தியில் படித்தாள். வழிகாட்டித் தேர்வு எழுதினாள். எழுத்தில் முதலிடம். ஆனால் நடை என்று ஒரு தேர்வு உண்டு. நாற்பது பேரை அழைத்துப் போய், அமைதி குலையாமல், ஆள் சிதறாமல், கடல் பாறை வரை கொண்டுசேர்க்க வேண்டும். கூடவே வனத்துறை அதிகாரி ஒருவர் சிறு நோட்டோடு வருவார். தப்பு நடந்தால் சிவப்புக் கோடு. மூன்று கோடு விழுந்தால் தோல்வி. ஏற்கெனவே ஒருமுறை யாரோ கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், அவர்கள் அலறவிட்ட பாட்டுப் பெட்டியால் தோற்றிருந்தாள். இரண்டாவது வாய்ப்புதான் கடைசி வாய்ப்பு.

அவள் அம்மா இசக்கிசெல்வி, அதோ முன்வரிசையில், இட்லி வியாபாரத்தை ஒரு மாலை மூடிவிட்டு வந்திருக்கிறார்கள். அன்றைக்கு அவர்கள் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "காட்டுல வேலையாம்லா! காட்ட விட்டுட்டுத்தானட்டி பம்பாய்க்கு வந்தோம்? இந்தத் தடவையும் ஆகலைன்னா பேசாம பெட்டி ஒட்டப் போயிரணும். சூப்பரவைசர் ஆக்குதோம்னு சொல்லுதாவ." மகளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். அப்படித் தலையாட்டிய பெண், நாற்பது நல்லவர்கள் வேண்டும் என்று யாரிடம் வந்தாள்? நம் கழகத்திடம் வந்தாள். என்னிடம் வந்தாள். பாவம், பிள்ளைக்குப் பறவைகளைப் பற்றித் தெரிந்த அளவுக்கு மனிதர்களைப் பற்றித் தெரியவில்லை.

காலை எட்டரை. காட்டின் வாசல். மாரிசெல்வி விதிகளைச் சொல்லி முடித்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். இருபுறமும் மரங்கள். வரிசை வரிசையாக, வாய் பேசாமல், எழுந்து போகாமல், செல்போனைப் பார்க்காமல் நிற்கும் மரங்கள்! நாற்பது ஆண்டு மேடையேறியவன் சொல்கிறேன், அப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதே இல்லை. பக்கத்தில் ஏறி நிற்க ஒரு பாறையும் இருந்தது. நான் என்ன செய்வேன்?

"விண்ணளந்து நிற்கும் மருத மரங்களே! முள்ளிருந்தும் முறைக்காத முள்ளிலவுகளே!" என்று தொடங்கினேன். பதினோரு நிமிடம். வணக்கம் மட்டும். வலப்பக்க மரங்களை முடித்து இடப்பக்கம் திரும்பும்போதே குரங்குகள் குடும்பத்தோடு கிளம்பிவிட்டன. பறவைகள் அனைத்தும் அடுத்த குன்றுக்குப் போய்விட்டதாகப் பின்னர் அறிந்தேன். அதிகாரி நோட்டைத் திறந்து சிவப்பாக ஒரு கோடு போட்டார். அதை நான் பாராட்டுக் குறிப்பு என்று நினைத்துக் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

மாரிசெல்வி பாறைக்குக் கீழே வந்து நின்றாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் பேசியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, ஒங்களுக்கு எத்தனையோ மேடை இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

இறங்கிவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக, மணி அடிக்காமலே இறங்கினேன்.

சரி, சுரேந்திரன் வாயால் ஒரு கோடு. அடுத்த கோடு காலால் விழுந்தது. யார் காலால்? பஞ்சு அவர்களே, மேடையில் நெளியாதீர்கள், நாற்காலி பழசு. மாட்டுங்கா அன்பர்கள் பதினான்கு பேர். தினமும் காலையில் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பவர்கள். இருபது ஆண்டாக ரவுண்டு. மழையிலும் ரவுண்டு, முழங்கால் வலியிலும் ரவுண்டு. சாவ்லி டேக்டியில் ஒரு சுனை இருக்கிறது. சுனையைச் சுற்றி வட்டமாக ஒரு பாதை. அந்த வட்டத்திலிருந்து பிரிந்துதான் கடல் பாறைக்குப் போகும் வழி. தாராவிக்காரர்கள் நாங்கள் பிரிந்து மேலே ஏறிவிட்டோம். திரும்பிப் பார்த்தால் பதினான்கு பேரைக் காணோம்!

கூப்பிடலாமா? கூப்பிட்டால் சத்தம், சத்தத்துக்கு ஒரு கோடு. கணேசபாண்டியன் சத்தமில்லாமல் கீழே ஓடினார். அங்கே கண்ட காட்சி என்ன? சுனைக்கரையில் பதினான்கு பேரும் பிளாஸ்கைத் திறந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். பஞ்சு விரலை மடக்கிக் காட்டுகிறார். "ஆச்சு ஓய், நாலு ரவுண்டு! பேஷான காத்து. கெளம்பலாமா?"

கணேசபாண்டியன் கேட்டார், "கடலப் பாக்காண்டாமா சார்?"

பஞ்சு அவர்களின் பதில் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. "கடலா? அது எந்த ரவுண்டுல வரும்?"

ஆள் சிதறியதற்கு இரண்டாவது கோடு விழுந்தது. மாரிசெல்வியின் முகத்தைப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். உதடு உலர்ந்துவிட்டது. எங்களோடு வந்திருந்த அவள் அம்மா கூடையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்கள். இன்னும் ஒரே கோடு. திங்கட்கிழமை தேவ்நார், பெட்டி, பசை.

இரண்டாவது மணியா அம்மா? தாராவியின் பெருமை ஒன்று பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லாமல் இறங்கினால் ஊருக்குள் விட மாட்டார்கள். கடல் பாறைக்குச் சற்று முன்னால் பாதை இரண்டடி அகலம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் சரிவு. எல்லாக் கூட்டமும் அங்கேதான் முட்டிக்கொண்டு கத்தும் என்று அதிகாரி நோட்டைத் திறந்தபடியே நின்றார். ஐயா, இரண்டடிப் பாதையைக் காட்டியா எங்களை மிரட்டுவது? எங்கள் சந்தில் கட்டில் போகும், பீரோ போகும், எதிரே கல்யாண ஊர்வலம் வந்தாலும் போகும்! இருபத்தாறு பேரும் தோளைச் சாய்த்து, மூச்சை இழுத்து, பக்கவாட்டில் சரசரவென்று கடந்தோம். மாட்டுங்காக்காரர்கள் லோக்கல் ரயில் பழக்கத்தில், முன்னால் நிற்பவரின் காதில், "ஆகே உதர்னா ஹை க்யா?", அடுத்து இறங்கணுமா என்று ரகசியமாகக் கேட்டுக் கேட்டே கடந்தார்கள். அதிகாரி நோட்டை மூடிவிட்டார்.

வந்தோம் பாறைக்கு. கண்டோம் கடலை! எதிரே ஒரு பட்ட மரம். அந்த மரத்தில் கடற்கழுகின் கூடு. வெள்ளை வயிறு, சாம்பல் முதுகு, விரித்தால் ஆள் உயரச் சிறகு. காலையில் ஒருமுறை இரையோடு வரும், வந்தால் ஒரே நிமிடம். அந்த ஒரு நிமிடத்தைக் காட்டுவதற்குத்தான் அந்தப் பெண் இரண்டு ஆண்டு லாஞ்ச் ஏறியிருக்கிறாள். தொலைவில் ஒரு புள்ளி தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. பதற்றத்தில் அவள் திரும்பி நின்று, கையைக் கூப்பி, நடுங்கும் குரலில் சொன்னாள்:

"எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா நிக்கணும்."

அவ்வளவுதான்!

நாங்கள் யார்? சங்கம் கண்ட சிங்கங்கள். இரங்கல் கூட்டம் ஒன்றையும் விடாதவர்கள். ஒரு நிமிட மௌனம் என்று காதில் விழுந்தால் எங்கள் உடம்பு எங்களைக் கேட்காது. நாற்பது பேரும் செருப்பைக் கழற்றினோம். தொப்பியை எடுத்தோம். கையைக் கட்டினோம். தலையைக் குனிந்தோம். கண்ணை மூடினோம்!

கழுகு வந்தது. எங்கள் தலைக்கு மேலே வந்தது. வட்டமிட்டது. காலில் மீனோடு கூட்டில் இறங்கியது. நாற்பது தமிழரில் ஒருவர் பார்த்தோமா? ஒருவரும் பார்க்கவில்லை. அவரவர் செருப்புக்கு முன்னால் குனிந்து நின்றோம். இதில் இன்னொரு செய்தி, அந்த அதிகாரி மராத்திக்காரர், மரியாதை தெரிந்தவர். இவர்களுக்கு யாரோ தவறிவிட்டார் போலும் என்று அவரும் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்துவிட்டார்!

நிமிடம் முடிந்தது. முதலில் பஞ்சுதான் கண்ணைத் திறந்தார். "யாருக்கு என்ன ஆச்சு? நேத்திக்கு ராத்திரிகூட வாட்ஸ்அப்ல எல்லாரும் குட்நைட் போட்டாளே!" இசக்கிசெல்வி அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி, "யாருன்னு தெரியல, ஆனா அழுகை வந்துட்டு" என்றார்கள். அதிகாரி தாழ்ந்த குரலில் மாரிசெல்வியிடம், "கோண் கேலா?" என்றார். யார் போனது என்று கேட்கிறார்.

அவள் கூட்டைக் காட்டினாள். "கோணீ நாஹீ ஸர். கருட் ஆலா ஹோதா." யாரும் போகவில்லை ஐயா, கழுகுதான் வந்திருந்தது. நான் தலையை நிமிர்த்தவே இல்லை. அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை நாற்பது பேரும் சேர்ந்து செருப்புக்கு நடுவே தொலைத்துவிட்டோம் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது, அம்மா. இப்போதும் இருக்கிறது.

அதிகாரி நோட்டைத் திறந்தார். சிவப்புப் பேனா கையில் இருக்கிறது. கூட்டத்தைப் பார்த்து மராத்தியில் ஒரு கேள்வி கேட்டார், கேள்வியையும் பதிலையும் தமிழில் தருகிறேன்: "சரி, ஒன்றும் பார்க்கவில்லை. ஏதாவது கேட்டீர்களா?"

கணேசபாண்டியன் கையைத் தூக்கினார். முப்பத்திரண்டு ஆண்டாகத் தகரம் தட்டுபவர். "சார், எனக்கு வீட்ல படுத்தாலும் காதுக்குள்ள டப்பா தட்டுத சத்தம் ஓடிக்கிட்டே கெடக்கும். கோயிலுக்குப் போனாலும் நிக்காது. இங்கன கண்ண மூடுனேன் பாருங்க, அது நின்னுட்டு சார்." சொல்லிவிட்டு, நின்றது நிஜம்தானா என்று காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பஞ்சுவின் துணைவி அம்மிணி அம்மையார் சொன்னார்கள், "கண்ணை மூடினா இவர் குறட்டை விடுவார். இன்னிக்கு விடலை. அதனால இலை விழற சத்தம் கேட்டுது. ஒண்ணு இல்லை, மூணு இலை."

பிறகு இசக்கிசெல்வி அம்மா. மகளைப் பார்த்தார்கள். "எனக்குக் காடும் கேக்கல, கடலும் கேக்கல. எம் மவ பக்கத்துல நின்னேன். அவ மூச்சே விடல சார். அந்த நிமிஷம் முடியுத வரைக்கும் மூச்சே விடல. பெட்டி ஒட்டுதப்ப இவ இப்படி மூச்சப் பிடிச்சு நான் பாத்ததே இல்ல." அப்புறம் மகள் பக்கம் திரும்பி, "நீ காட்டுலயே வேல பாருட்டி. நான் ஒண்ணும் சொல்லல" என்றார்கள்.

அதிகாரி சிவப்புப் பேனாவை மூடினார். பச்சைப் பேனாவை எடுத்தார். பதினோரு ஆண்டாக அந்தக் காட்டில் தேர்வு நடத்துகிறாராம். எத்தனையோ கூட்டம், எத்தனையோ வழிகாட்டிகள். ஒரு முழு நிமிடம் நாற்பது பேரை அசையாமல், பேசாமல் நிற்க வைத்தவர் இதுவரை ஒருவரும் இல்லையாம். கழுகு நாற்பது மனிதர்களைக் கண்டும் அஞ்சாமல் கூட்டில் இறங்கியது அதுதான் முதல்முறையாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்!

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் இன்னும் ஒன்று பாக்கி. தலைவர் அவர்கள் மணியைக் கீழே வைத்துவிட்டார்கள், அதனால் துணிந்து சொல்கிறேன்.

எல்லோரும் கேட்டதைச் சொன்னேனே, நான் என்ன கேட்டேன் என்று சொன்னேனா? அந்த ஒரு நிமிடத்தில், கண்ணை மூடி, கையைக் கட்டி, வாயைக் கட்டி நிற்கிறேன். எங்கிருந்தோ கைதட்டல் கேட்கிறது! சத்தியமாகச் சொல்கிறேன், பெருங்கூட்டத்தின் கைதட்டல். எழும்புகிறது, அடங்குகிறது, மறுபடி எழும்புகிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. 'சுரேந்திரா, உன் பேச்சு கடைசியில் யாருக்கோ பிடித்திருக்கிறது' என்று நெஞ்சு நிமிர்ந்தது. நன்றி சொல்ல வாயைத் திறக்கப் போனேன். நிமிடம் முடிந்தது. கண்ணைத் திறந்தேன். கீழே பாறையில் அலை.

கடல்!

நாற்பத்தோர் ஆண்டு இந்தக் கடற்கரை ஊரில் வாழ்கிறேன். கடலைப் பார்த்திருக்கிறேன். கடலோரம் மேடை போட்டுக் கத்தியிருக்கிறேன். ஒருநாளாவது அதைக் கேட்டிருக்கிறேனா? நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? ரயிலைக் கேட்டோம், ஹார்னைக் கேட்டோம், பட்டறையைக் கேட்டோம், பக்கத்து வீட்டுச் சண்டையைக் காது கொடுத்துக் கேட்டோம்! நம் ஊரைச் சுற்றி நின்று நாளெல்லாம் கைதட்டிக்கொண்டிருப்பதைக் கேட்க, ஒரு பெட்டி ஒட்டும் பெண் லாஞ்சில் ஏற்றிக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. இறந்தவர்களுக்கு எத்தனை நிமிடம் மௌனமாக நின்றிருக்கிறோம்! உயிரோடு இருக்கிற ஒரு காட்டுக்கு, உயிரோடு இருக்கிற ஒரு கடலுக்கு, உயிரோடு நம் எதிரே நின்று, "எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு" என்று சொல்கிற ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் வாயை மூடி நிற்க மாட்டோமா?

தாய்மார்களே! நாளை உங்கள் மகளும் வீட்டில் வந்து, நீங்கள் கேள்விப்படாத ஒரு வேலையின் பெயரைச் சொல்வாள். உடனே பேசாதீர்கள். அவள் மூச்சைக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பாவுச்சா தக்காவில் லாஞ்ச் புறப்படுகிறது. வழிகாட்டி மாரிசெல்வி. நானும் வருகிறேன், பயப்படாதீர்கள், மைக் வராது. பஞ்சு அவர்களும் வருகிறார். அவருக்கு மட்டும் கடல் முதல் ரவுண்டிலேயே வரும்படி ஏற்பாடு செய்திருக்கிறோம்.

வாய்ப்பளித்த தலைவருக்கும், வழிவிட்ட விழாக்குழுவுக்கும், பொறுத்தருளிய பெருமக்களுக்கும், சோற்றை ஒரு வாயும் மிச்சம் வைக்காமல் முடித்துவிட்ட பின்வரிசைப் பிள்ளைக்கும் என் நன்றி. எனக்குத் தட்ட வேண்டாம். மாரிசெல்விக்குத் தட்டுங்கள், உள்ளங்கை சிவக்கத் தட்டுங்கள். நான் இந்த மைக்கை அணைத்துவிட்டு, இதே இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்கிறேன். வணக்கம்.